பூஜையில் வைத்த டிஸ்க்

பேய், குறி, மந்திரித்த கயிறு என்று யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி அனுப்புகிறவள் நான். எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் தெரியும், ஆனாலும் வீட்டுக்காரர் போன பிறகு பீளமேட்டில் எங்கள் பம்பு பவுண்டரியை ஒருத்தியாக நடத்தியவள். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், படம் வரைகிற கம்ப்யூட்டரில் ஒரு இன்ஜினீயர் தம்பி யுனிக்ஸ் என்கிற சிஸ்டத்தை ஏற்றி இரண்டு டிஸ்க் மாட்டினார். எதற்கு இரண்டு என்றேன்.

"ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதிக்குமுங்கம்மா. ஒண்ணு கெட்டாலும் மத்தது காப்பாத்திப்போடுமுங்க."

பூஜை வந்தது. அன்றைக்கு ஆயுதத்துக்கு ஓய்வு. லேத்து, ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. கம்ப்யூட்டரை மட்டும் நிறுத்த முடியவில்லை. புது பம்பின் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளுகிற இறக்கைச் சக்கரம், அதன் படம் மறுநாள் மத்தியானத்துக்குள், வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் ஆசாரி கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு பவுண்டரிக்குப் போய்விடும். எங்களுக்கு அந்த வருஷம் வேறு ஆர்டர் கிடையாது.

"ஒண்ணு வேலை செய்யட்டும், ஒண்ணு பூஜைக்கு வரட்டும். கழட்டிக் குடு தம்பி" என்றேன்.

"ஏனுங்கம்மா, டிஸ்க்குக்குமா லீவு?"

"உனக்கு வேணும், அதுக்கு வேண்டாமா?"

காலையிலேயே இரண்டையும் பிரிக்கிற கட்டளையைத் தட்டி, மெஷினை நிறுத்தி, ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். அதன் மேல் சின்னதாக ஒரு ஓட்டை உண்டாம், அதில் சந்தனம் பூசிவிட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனார். ஓரமாகத்தான் வைத்தேன். பூஜை அறைச் சாவி என் இடுப்பில்.

படம் வரைகிற செல்வராசு நாள் முழுக்க வரைந்தார். நாலு மணிக்கு மெஷினிலிருந்த டிஸ்க் கரகரவென்று இழுத்துவிட்டு நின்றுபோயிற்று. இன்ஜினீயருக்குப் போன் போட்டோம். பூஜையில் இருப்பதில் நேற்று வரைந்தது மட்டும்தான் இருக்கும், இன்றைய வேலை போனது போனதுதான் என்றார்.

"ஆறு இறக்கையும் போட்டுட்டனுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மறுபடி ஆகாதுங்க" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு செல்வராசு சூலூர் பஸ்ஸுக்குப் போனார். நான் ஆறேகாலுக்குக் கற்பூரம் காட்டினேன்.

மறுநாள் காலை இன்ஜினீயர் வந்து, சந்தனத்தைத் துடைத்து, பூஜை டிஸ்க்கை மட்டும் மாட்டினார். நம்பினால் நம்புங்கள், பூஜையன்று வரைந்த படம் அதில் இருந்தது. மாற்றிக் கழற்றிவிட்டாயா என்று கேட்டேன். கெட்டுப்போனது மேஜைமேல்தான் கிடந்தது, சந்தனம் பட்டது இதுதான். கடைசியாக எழுதிய நேரம் என்ன என்று அவர் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் ஆறேகால்.

"வயரே இல்லீங்களே" என்றார், என்னைப் பார்க்காமல்.

செல்வராசு திரையில் விரல் வைத்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். இறக்கை ஏழு இருந்தது.

"ஆறுன்னுதான சொன்னீங்க செல்வராசு?"

"ஆறுதானுங்கம்மா. பஸ்ல போறப்பத்தான் நெனைச்சனுங்க, ஏழு போட்டிருந்தா தண்ணி இன்னும் நல்லாத் தள்ளியிருக்குமேன்னு. யார்கிட்டயும் வாயத் தொறக்கலீங்க."

மணி என்ன இருக்கும் என்று கேட்டேன். ஆறு தாண்டியிருக்கும் என்றார்.

அந்தப் படம்தான் ஆசாரியிடம் போனது. பம்பு ஏழு இறக்கையோடு ஓடியது, பவுண்டரியும் தப்பியது. புது டிஸ்க் வாங்கி ஜோடி சேர்த்தபோது, பூஜை டிஸ்க்கிலிருந்த அத்தனையையும் அது ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டது.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது செல்வராசு நினைத்தது இல்லை. கற்பூரத் தட்டோடு அதன் எதிரில் நின்றவள் நான். அப்போது நானும் ஒன்று நினைத்தேன், அதைப் பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை. வேறு ஏதாவது புதிதாக இருக்கிறதா என்று தேடிப் பார்க்கட்டுமா என்று இன்ஜினீயர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். இருந்தால் இப்போது இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது.