பூனைக்கும் அதே கண்

கண் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து விட்டவள் அவள். அதனால் பெயரே சொட்டுக்காரி என்றாகிவிட்டது. மருந்து விட்டால் கண்மணி விரிய அரை மணி நேரமாகும். அதுவரை அழுகிற பிள்ளையை அடக்க, மருந்துச் சீட்டின் பின்புறம் அந்தப் பிள்ளையையே வரைந்து காட்டுவாள்: முகத்தில் பாதி கண், தலையில் ஒரு வாத்தோ கெட்டிலோ. பிள்ளை கப்பென்று வாயை மூடிக்கொள்ளும்.

சீட்டில் கிறுக்கியது பிறகு கேன்வாஸுக்கு ஏறியது. “என்ன இது, எல்லாம் முட்டைக்கண்ணு!” என்று சிரிக்காதவர் இல்லை. கண்ணைக் கொஞ்சம் சின்னதாக்கு என்று புத்தி சொல்லாதவரும் இல்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளிடம் சொல்லி என்ன பயன்?

ஐம்பது வயதில் முதல் கண்காட்சி. பன்னிரண்டு படங்கள். பன்னிரண்டாவது, தங்கை மகள். தலைமேல் சாம்பல் பூனை. அதன் கீழே அகல விரிந்த இரண்டு கண்கள், இடது கண் மூக்கைப் பார்த்தபடி. பிள்ளைக்குப் பிறவியிலேயே மாறுகண்.

திறப்புக்கு முந்தின நாள் தங்கை தன் மகளோடு வந்தாள். படத்தைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“அக்கா, அந்தக் கண்ணை நேராக்கு. இல்லேன்னா படத்தை இறக்கு.”

“முடியாது.”

“பள்ளிக்கூடத்துல படுற கேலி பத்தாதா? ஊரே வந்து பார்க்கணுமா?”

“காக்காய்க்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. உனக்கு என்னடி வந்துச்சு? நேராக்கினா அது யாரோ வீட்டுப் பிள்ளை.”

“அப்போ இன்னையோட உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல.”

அப்பா அம்மா போனபின் சொட்டுக்காரிக்கென்று இருந்தது இந்த ஒருத்திதான். ஆனாலும் இறங்கி வரவில்லை. “படத்துல இருக்கிறவளையே கேளு” என்றாள்.

சிறுமி தலையைச் சாய்த்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நான் சரியாத்தான் இருக்கேன் பெரியம்மா. பூனைதான் தப்பு.”

“அதுக்கு என்னடி?”

“அது கண்ணு நேரா இருக்கு. என் பூனைன்னா என்னை மாதிரி இருக்க வேண்டாமா?”

சொட்டுக்காரி தூரிகையில் கறுப்பைத் தொட்டு அவள் கையில் கொடுத்தாள். பூனையின் இடது கண்ணும் மூக்குப் பக்கம் திரும்பியது. தங்கை மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சொட்டுக்காரி வந்தவர்களை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை வந்தாள். மகளுக்குப் புதுச் சட்டை. அக்காவிடம் பேசாமல், நேரே பன்னிரண்டாவது படத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“ஐயோ பாவம், குழந்தைக்குக் கண்ணு…” என்று ஒரு அம்மாள் இழுத்தாள்.

“பாவமென்ன பாவம்? என் மக அவ” என்றாள் தங்கை, கூடமே திரும்பிப் பார்க்கும்படி. “எங்க வீட்டுப் பூனைக்கே அப்படித்தான். நல்லாப் பாருங்க!”