மஞ்சள் டேப்பில் நின்றவர்

செருப்பில்லாமல் நூற்று எழுபத்து நான்கு சென்டிமீட்டர். டெஸ்லி ஸாபெலின் உயரம் அது. நடிகை கரோலின் டென்ச்சின் உயரமும் அதுவே. 1998 மே மாதம் கோல்ட் கோஸ்ட் ஸ்டூடியோவில் டெஸ்லிக்கு வேலை கிடைத்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. முதலில் உயரத்தை அளந்தார்கள், பிறகுதான் பெயரைக் கேட்டார்கள்.

தொடரின் பெயர் ‘நெடுஞ்சுற்று’. விண்வெளியில் வீடு தேடி அலையும் கப்பலின் கதை. கரோலின் அதன் கேப்டன். விளக்குகளைத் திருப்பி, கேமராவை நகர்த்தி, எல்லாம் சரியாகும்வரை அவர் இடத்தில் யாராவது நிற்க வேண்டும். நட்சத்திரங்கள் அதற்கெல்லாம் நிற்பதில்லை. தரையில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நிறத்தில் டேப் ஒட்டியிருக்கும். கேப்டனுக்கு மஞ்சள். டெஸ்லி மஞ்சள் டேப்பில் நிற்பார். மற்றவர்களின் ஒத்திகைக்காகக் கேப்டனின் வசனத்தையும் சொல்வார். எல்லாம் தயாரானதும் கரோலின் வருவார், டெஸ்லி விலகிக்கொள்வார்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் சவுத்போர்ட் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். தோள்பட்டை போனதும் அந்த வேலை போயிற்று. வயது நாற்பத்து நான்கு. கணவர் கேரவன் வண்டியை ஓட்டிக்கொண்டு வடக்கே மக்காய் ஊர்ப் பக்கம் போய் மூன்று வருடமாகியிருந்தது. படப்பிடிப்புத் தளத்தை நடத்திய உதவி இயக்குநர் ராஸ் மண்ட் முதல் நாளே சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

“இங்க பாரு தாயே, ரெண்டே விஷயம். டேப்ப விட்டு நகராத. நடிக்காத.”

“வசனம் சொல்லணும்ல?”

“சொல்லு. கடைக்குப் போற லிஸ்ட்டப் படிக்கிற மாதிரி சொல்லு. உனக்கு முன்னாடி இருந்தவ ஒரு நாள் கண்ணீர் விட்டுக் காட்டினா. கரோலின் அதப் பாத்துட்டு மேக்கப் வேனுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டா. மூணு மணி நேரம் போச்சு. மறுநாள் அந்தப் பொண்ணும் போச்சு.”

டெஸ்லி நடிக்கவில்லை. இரண்டு சீசன், நாற்பத்து நான்கு வாரக் கதைகள். கேப்டனின் ஒவ்வொரு வரியையும் கரோலினுக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார், ஒவ்வொன்றையும் பால், ரொட்டி, சலவைத் தூள் என்பதுபோல.

வீட்டில் கதை வேறு. லாப்ரடார் என்ற புறநகரில் அவருடைய சமையலறை ஜன்னலுக்கு முன்னால் அதே வரிகளை முழுக் குரலில் சொல்வார். கை தானாக உயரும். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். தனக்கு நடிப்பு வரும், விடத்தான் மாட்டேன் என்கிறார்கள் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ராஸிடமே ஒருமுறை சொன்னார்.

“ஒரே ஒரு காட்சி குடுத்துப் பாரு ராஸ். அதுக்கப்புறம் பேசு.”

“குடுத்தா நிக்கிறதுக்கு யாரு இருக்கா?”

தொடர் மோசமாக இருந்தது. கரோலின் உறுமுவார், கப்பலின் சுவரில் குத்துவார், ஒவ்வொரு வாரமும் யாருக்காவது கதறி அழுவார். பிரிஸ்பேன் பத்திரிகை ஒன்றில் தொலைக்காட்சிப் பக்கம் எழுதிக்கொண்டிருந்த நான், ‘இந்தக் கப்பலில் காற்று தீர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், கேப்டனின் மூச்சே எல்லோருக்கும் போதும்’ என்று எழுதினேன். ஸ்டூடியோ சாப்பாட்டு வண்டியில் அதை வெட்டி ஒட்டியிருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

1999 நவம்பரில் கப்பலுக்குப் புது டாக்டர் தேடினார்கள். ஆடிஷனுக்குப் பழைய காட்சி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். அந்தக் காட்சியில் நான்காம் தளத்தில் காற்று கசிகிறது. உள்ளே பதினொரு பேர். கதவை மூடினால்தான் மற்றவர்கள் பிழைப்பார்கள். டாக்டர் கெஞ்சுகிறார். கேப்டன் உத்தரவிட வேண்டும். இதே காட்சியில் கரோலின் நாலு நிமிடம் அழுது, சுவரில் குத்தி, கடைசியில் மண்டியிட்டிருந்தார்.

டாக்டர் வேடத்துக்கு வந்தவர்களோடு வசனம் பேச கரோலின் வர மறுத்துவிட்டார். டெஸ்லியை உட்காரவைத்தார்கள். கேமரா அவரைக் காட்டவில்லை. குரல் மட்டும் கேசட்டில் பதிவானது. காலையிலிருந்து ஆறு பேர் வந்து கெஞ்சிவிட்டுப் போனார்கள். ஏழாவது இளைஞன் நிஜமாகவே கண் கலங்கிக் கேட்டான்.

“உள்ள குழந்தைங்க இருக்காங்க, கேப்டன்.”

“எத்தனை பேருன்னு எனக்குத் தெரியும்,” என்றார் டெஸ்லி. “கதவை மூடுங்க.”

அவ்வளவுதான். அந்த இளைஞனுக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று.

மறுநாள் தயாரிப்பாளர் க்வெண்டா ஃப்ரேய்ன் கேசட்டைப் பார்த்தார். நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்தார்.

“யார் அந்தக் குரல்?”

“டெஸ்லி,” என்றார் ராஸ்.

“யார் டெஸ்லி?”

“மஞ்சள் டேப்புங்க.”

டிசம்பரில் கரோலினின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. புதுக் கேப்டன் வருவார் என்று அறிவித்தார்கள். ஜனவரி மாதம் க்வெண்டாவே டெஸ்லிக்கு போன் செய்து, கேப்டன் வேடத்துக்கு ஒரு டெஸ்ட், புதன்கிழமை வா என்றார். டெஸ்லி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் இருந்தது. முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டார். சமையலறையில் விடாமல் ஒத்திகை பார்த்தார். எந்தக் காட்சி என்று சொல்லியிருந்தார்கள், கதவை மூடும் காட்சிதான்.

புதன்கிழமை அவர் செய்ததை நான் மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். மூவரும் சொன்னது ஒன்றுதான். டெஸ்லி நடித்தார். இரண்டு வருடம் அடக்கிவைத்த அத்தனையும் வந்தது. கை உயர்ந்தது, குரல் உடைந்தது, கண்ணீர் வந்தது, “கதவை” என்று சொல்லி நிறுத்தி, மேலே பார்த்து, சுவரில் குத்தி, “மூடுங்க!” என்று அலறினார். அடக்கிவைத்ததுதான் நடிப்பு என்று நினைத்திருந்தார். அவர் அருகிலிருந்து பார்த்த ஒரே கேப்டன் கரோலின். டெஸ்லி நடித்துக்காட்டியது கரோலினைத்தான்.

க்வெண்டா மெதுவாகச் சொன்னார்.

“டெஸ்லி, நவம்பர்ல சொன்ன மாதிரி சொல்லேன்.”

“நவம்பர்ல நான் ஒண்ணுமே பண்ணலையே?”

“அதத்தான் கேக்கறேன்.”

“சும்மா படிச்சேன். ராஸ்தான் நடிக்கக் கூடாதுன்னான்.”

“சரி, இப்பவும் நடிக்காத.”

மறுபடி எடுத்தார்கள். இப்போது டெஸ்லி நடிக்காததுபோல் நடித்தார். மூன்றாவது முறை வரிகளை ஒப்பித்தார். நான்காவது முறை எடுக்கவில்லை. வெளியே வந்தவருக்கு ராஸ் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் யாருக்கும் தேநீர் எடுத்துவந்து டெஸ்லி பார்த்ததில்லை. முடிவு என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது என்று டெஸ்லி பிறகு என்னிடம் சொன்னார்.

மெல்போர்ன் மேடை நாடகங்களிலிருந்து இங்க்ரிட் பாஸ்கோவைக் கூட்டிவந்தார்கள். க்வெண்டா அவருக்கு முதலில் கொடுத்தது கதைச் சுருக்கம் அல்ல, அந்தக் கேசட். ஒரு வாரம் அதைக் கேட்டுவிட்டு இங்க்ரிட் டெஸ்லியைச் சாப்பாட்டு வண்டிக்கு அழைத்தார். கையில் சின்ன நோட்டுப் புத்தகம்.

“அந்தக் ‘கதவை மூடுங்க’ சொன்னப்ப மனசுல என்ன ஓடுச்சு, டெஸ்லி?”

“ஒண்ணும் ஓடல.”

“ஏதாவது இருந்திருக்கும்ல?”

“மணி ஒண்ணரை. முட்டை சாண்ட்விச் தீந்துபோயிருக்கும்னு நெனச்சேன். அதுக்கப்புறம் மிச்சமிருக்கிறது எப்பவும் அந்தக் காஞ்ச ஹாம் சாண்ட்விச்தான்.”

இங்க்ரிட் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இங்க்ரிட்டின் உயரம் நூற்று அறுபத்து இரண்டு. பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவு. டெஸ்லியின் முகத்துக்கு வைத்த விளக்கு இங்க்ரிட்டின் தலைக்கு மேல் போகும்.

“உயரம் பொருந்தல, டெஸ்,” என்றார் ராஸ்.

“முட்டிய மடக்கி நிக்கிறேன்.”

“பத்து மணி நேரமா?”

“நின்னு காட்டவா?”

“வேணாம்டி,” என்று ராஸ் வேறு பக்கம் பார்த்தார். வியாழக்கிழமைக்குள் புதுப் பெண் வந்துவிட்டாள். பல்கலைக்கழக மாணவி. நூற்று அறுபத்து இரண்டு.

மூன்றாம் சீசன் நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. கேப்டன் கத்துவதை நிறுத்தியதும் மற்றவர்களின் குரல் கேட்கத் தொடங்கியது. டாக்டராக வந்தவன் அந்த ஏழாவது இளைஞன், அவனுக்குள்ளும் ஒரு நடிகன் இருந்தான். எழுத்தாளர்கள் அதுவரை அழுகைக்கு ஒதுக்கிய பக்கங்களைக் கதைக்குப் பயன்படுத்தினார்கள். பார்ப்பவர் எண்ணிக்கை ஏறியது. இங்க்ரிட்டுக்கு விருது கிடைத்தது. நானும் எழுதினேன்: ‘இந்தக் கேப்டன் எதுவுமே செய்வதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது நாம்தான். இதைக் கண்டுபிடித்ததற்காகவே பாஸ்கோவுக்கு நன்றி.’

2001 அக்டோபரில் பிரிஸ்பேன் மண்டபம் ஒன்றில் ரசிகர் மாநாடு. இரண்டாயிரம் பேர், பாதிப் பேர் கப்பல் சீருடையில். மேடைக்குப் பின்னால் இங்க்ரிட் எனக்கு இருபது நிமிடம் கொடுத்தார். அந்த அமைதியின் ரகசியம் என்ன என்று கேட்டேன்.

“பெருசா ஒண்ணுமில்ல. பதினொரு பேர சாகவிடுற நேரத்துல நான் முட்டை சாண்ட்விச்சப் பத்தி நெனச்சுக்கறேன். தீந்துபோயிருக்குமோன்னு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதையே தலைப்பாக்கினேன். சனிக்கிழமை வெளிவந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் போன் அடித்தது.

“நீங்கதானே இங்க்ரிட் பத்தி எழுதினது?”

“ஆமா. நீங்க?”

“அந்த சாண்ட்விச் என்னோடது.”

இப்படித்தான் எனக்கு டெஸ்லியைத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு செய்திக்காக அந்தத் தளத்துக்குப் போனபோது அவரைத் தாண்டி நடந்திருக்கிறேன். ஒரு பெண் மஞ்சள் டேப்பில் நின்றுகொண்டிருந்தது நினைவிருக்கிறது. முகம் நினைவில்லை.

லாப்ரடாரில் அவர் வீட்டுக்குப் போனேன். லாமிங்டன் கேக் வைத்திருந்தார். பெருமையாகவும் பேசவில்லை, அழவும் இல்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன்.

“பேரு. டிவியில கடைசியா ஓடுதே, அதுல ஒரு ஓரமா. வேற ஒண்ணும் வேணாம்.”

இங்க்ரிட் மறுக்கவில்லை. “அவங்ககிட்டக் கேட்டேன், நெசம்தான். ஆனா எல்லாரும் எங்கிருந்தாவது எடுக்கத்தானே செய்யறோம்? அவங்க டெஸ்ட்ட நீங்க பாத்தீங்களா?” என்றார்.

க்வெண்டா இன்னும் நேராகப் பேசினார். “அவ செஞ்சது நடிப்பில்ல. அவளுக்கே தெரியாம நடந்துபோச்சு. திரும்பச் செய்னு கேட்டோம், முடியல. தெரிஞ்சு திரும்பத் திரும்பச் செய்யறவளுக்குத்தான் பேரு போடுவோம்.”

அந்தக் கேசட் கிடைக்குமா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். ஆடிஷன் கேசட்டுகளை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கமாம். அந்தக் கேசட்டில் கப்பல் நாய்க்கான தேர்வு பதிவாகியிருந்தது.

திருத்தம் போடலாமா என்று எங்கள் பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டேன். “இங்க்ரிட் அப்படித்தான் நெனச்சாங்கன்னு சொன்னாங்க. நாம அதப் போட்டோம். இதுல தப்பு எங்கப்பா இருக்கு?” என்றார். திருத்தம் வரவில்லை. டெஸ்லி அதற்குப் பிறகு எனக்கு போன் செய்யவில்லை. இரண்டு மாதம் கழித்து நானே கூப்பிட்டபோது விஷயத்தைச் சொன்னார்.

ஐந்தாவது சீசனில் ஒரே ஒரு வாரக் கதைக்குக் கரோலின் டென்ச் திரும்பி வருகிறார். ஒப்புக்கொள்ள இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார்: தனி வேன், தன் இடத்தில் நிற்க அதே பழைய ஆள். ராஸ் டெஸ்லிக்கு போன் செய்திருக்கிறார்.

“மூணு நாள் வேலை, டெஸ். சட்டம் ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“சொல்லு.”

“நகரக் கூடாது. நடிக்கக் கூடாது.”

“கதவுக் காட்சியத்தான் திரும்ப எழுதியிருக்காங்க. ரெண்டு கேப்டனும் எதிரெதிரா. ஒத்திகையில இங்க்ரிட்டும் இருப்பா.”

டெஸ்லி வருவதாகச் சொல்லிவிட்டார். பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்காலுக்கு அவர் தளத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் இப்போது இங்க்ரிட்டுடையது. டெஸ்லிக்குப் பச்சை டேப்.