டிராக்டர் போன பிறகு

வேலை கிடைத்த செய்தி வந்த அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரன் என்னைக் கடைசியாக அடித்தான். அது கடைசி என்று அவனுக்குத் தெரியாது. போனில் வந்த உத்தரவைப் படித்துக் காட்டினேன். போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான், அடுத்து என்னை அடித்தான். மோதிரம் பட்டுப் புருவம் கிழிந்தது. நானும் வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிற ரகம் இல்லை. அவன் மணிக்கட்டைக் கடித்துவிட்டேன். வாயெல்லாம் ரத்தம், என்னுடையது எது, அவனுடையது எது என்று தெரியவில்லை.

மறுநாள் ஒரு பையில் துணியும் ஒரு கையில் ஆறு வயது மகளுமாகக் கிளம்பினேன். கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றுகொண்டு சொன்னான்: "போடி, போ. மூணு மாசம் தாங்க மாட்ட. வேலைய விட்டுத் தொரத்துனா இந்த வாசலுக்குத்தான வரணும்? அன்னைக்கு இருக்கு ஒனக்கு." அவன் சொன்னதில் பொய் இல்லை. என் அம்மா வீட்டில் அண்ணன் கதவைச் சாத்திவிட்டான். அந்த வேலை போனால் எனக்கு அந்த வாசலை விட்டால் வேறு வாசல் கிடையாது.

ஆண்டிபட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலி வந்து சேர ஒரு பகல் முழுக்க ஆனது. டவுன்ஷிப்பில் சித்தி இருந்தாள். சித்தப்பா மைன்ஸில் பெர்மனென்ட். குவார்ட்டர்ஸின் பின்பக்க அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அந்த பிளாக்கில் பத்து வீடு என்றால் பத்தும் பத்து ஜில்லா. எந்த ஊர், எந்த ஷிப்ட் என்று கேட்பார்களே தவிர, ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அதற்காகவே அந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது. மைன்ஸில் வெடி வைக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். முதல் வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்கு என் மகள் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் விவசாயம் படித்தவள். என்னை எடுத்தது ஒரு தனியார் விதைக் கம்பெனி. குறிஞ்சிப்பாடி போகிற வழியில் எட்டு ஏக்கர் செம்மண்ணைக் குத்தகைக்கு எடுத்து, இன்னும் வெளியே விடாத ஒரு புது நிலக்கடலை ரகத்தைப் போட்டிருந்தார்கள். நான் போனபோது செடி பூ வைத்திருந்தது. மூன்று மாதம் சோதனைக் காலம். மேனேஜர் நல்ல மனுஷன்தான், ஆனால் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார்.

"மேடம், ஒரு காய்கூட வெளிய போகக் கூடாது. நாலு காய் போனாப் போதும், அடுத்த போகம் பக்கத்து ஊர் பூரா நம்ம ரகம்தான் நிக்கும். அப்புறம் கம்பெனியில என்னையும் கேப்பாங்க, உங்களையும் அனுப்பிருவாங்க."

அனுப்பிவிடுவார்கள் என்றால் எங்கே என்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கத்தில்கூடக் காயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பங்குனிக் கடைசியில் அறுவடை. பக்கத்து ஊரிலிருந்து இருபது பெண்கள் செடி பிடுங்க வந்தார்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள், தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் மண்ணைக் கொத்தினவர்கள். அவர்களைக் கூட்டிவந்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா. வாய் என்றால் வாய், கை என்றால் கை. மற்றவர்கள் ஒரு வரிசை முடிப்பதற்குள் அவள் ஒன்றரை முடித்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். புருஷன் இல்லை. ஒரே மகன் மைன்ஸில் காண்ட்ராக்ட்.

"கடலையாம் கடலை! மல்லாட்டன்னு சொல்லும்மா. நீ கடலைன்னா செடிக்கே யாரக் கூப்புடறன்னு தெரியாது" என்று முதல் நாளே என்னை ஓட்டினாள்.

நாலு நாள் அவர்களோடு குனிந்து நிமிர்ந்ததில் என் கதை முழுக்க அவளிடம் சொல்லிவிட்டேன். புருவத்துத் தழும்பைப் பார்த்து அவள்தான் கேட்டாள். சொன்னதும் செடியை உதறிக்கொண்டே, "கடிச்சியா? கடிச்சிட்டு வுட்டுட்டியா? வூட்ல ஒலக்க இல்லியா?" என்றாள். மொத்தக் கூட்டமும் சிரித்தது, நானும் சிரித்தேன். அதைச் சொல்லிச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அவர்கள் ஊர் ஆண்கள் சிலர் வந்து வரப்போரம் எலி வளைகளைத் தோண்டினார்கள். வளைக்குள் படி படியாகக் காய் சேர்த்துவைத்திருந்தது எலி. ஓடி வந்ததையெல்லாம் ஆண்கள் தடியால் அடித்துப் போட்டார்கள். நானும் ஒரு தடியை வாங்கி ஆறேழு எலியை அடித்தேன். செத்த பிறகும் இரண்டை அடித்தேன். கை விறுவிறுவென்று இருந்தது, குஷியாக இருந்தது, மறைப்பானேன்? அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "போதும்மா, அது செத்துப்போச்சி" என்றாள்.

நாலாம் நாள் சாயங்காலம் கடைசிப் பாரம் ஏற்றி டிராக்டரை ஷெட்டுக்கு அனுப்பினேன். கூலி கொடுத்தேன். எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மண்ணுக்குள் அறுந்து தங்கின காய் எப்படியும் கொஞ்சம் இருக்கும். காலையில் ஆள் விட்டுக் கொத்தி அதையும் எடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வயல் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாது. கடைசி வண்டி வயலை விட்டுப் போகிற வரைக்கும் ஒருத்தரும் ஒரு காயை மடியில் கட்ட மாட்டார்கள், கட்டினால் கேவலம். வண்டி போய்விட்டால் மண்ணுக்குள் இருக்கிறது பிடுங்கினவர்களுக்கு. மறுபடி கொத்தப் போகிறேன் என்றால், நிலத்துக்காரர் வெறும் வண்டியையாவது வயலில் நிறுத்திவைப்பார். அதைப் பார்த்தால் யாரும் கால் வைக்க மாட்டார்கள். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததை யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்? நான் என் கையாலேயே டிராக்டரை அனுப்பிவைத்திருந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்குக் கம்பெனி ஸ்கூட்டியை வரப்பில் நிறுத்தினால் வயல் முழுக்கத் தலைகள். களைக்கொத்தும் கையுமாக ஊரே உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது. சிமெண்ட் சாக்கு, பிளாஸ்டிக் குடம், புடவை மடி, எல்லாவற்றிலும் என் ரகம். அந்தச் சாக்குகளை நான் சாக்காகவே பார்க்கவில்லை. வாசலில் நிற்கிற என் வீட்டுக்காரனைத்தான் பார்த்தேன்.

"திருட்டு நாய்ங்களா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். முன்னால் இருந்தது அந்த அக்காதான். அரைச் சாக்கு சேர்த்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாம்மா, வா. காய் நல்லாத்தான் தங்கிக்கீது" என்றாள். சாக்கைப் பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை. "இரும்மா, என்னா இது, வண்டிதான் போச்சே" என்றாள்.

அறைந்தேன். எலியை அடித்த அதே கை. என் பலம் அத்தனையும் அவள் காதில் இறங்கியது. முட்டி போட்டு விழுந்தாள். விழுந்தவள் கொண்டையைப் பிடித்துத் தலையை ஆட்டி, "வருவியா? இனிமே வருவியா?" என்று கேட்டுக்கொண்டே விலாவில் மிதித்தேன். என் வீட்டுக்காரன் என்னை இப்படித்தான் கேட்பான். பேசுவியா, இனிமே பேசுவியா என்று. அவன் குரல் என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்தும் இன்னும் இரண்டு மிதி மிதித்தேன்.

மூன்றாவதற்குக் கால் தூக்கும்போது அவள் எழுந்துவிட்டாள். களைக்கொத்தைத் திருப்பிப் பிடித்து, காம்பால் என் முழங்கையின் கீழே ஒரு போடு போட்டாள். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது தோளில். நான் மண்ணில் விழுந்தேன். அவள் இரும்புப் பக்கத்தைத் திருப்பி ஓங்கினாள். நாலைந்து பேர் ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தார்கள். "வுடுக்கா, செத்துகித்து வைக்கப் போவுது, வுடுக்கா!"

"திருடியா? நானாடி திருடி?" அவள் காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "நாலு நாளு ஒன் காட்டுல குனிஞ்சேன், ஒரு காய மடியில வச்சனா? வண்டி போச்சி, அப்பறம்தான கால வச்சோம்? இந்த மல்லாட்டதான்டி எங்களுக்கு வருசத்துக்கும் எண்ண. எங்க அம்மா காலத்துலருந்து பொறுக்கிகினுகீறோம். ஒருத்தன், ஒரே ஒருத்தன் எங்கள இந்த வார்த்த சொன்னதில்ல!"

சொல்லிவிட்டுச் சாக்கைத் தூக்கி என் மேலேயே கவிழ்த்தாள். காயும் மண்ணும் என் முகத்தில் விழுந்தது. பின்னாலேயே ஒவ்வொருத்தியாக வந்து கொட்டினார்கள். குடத்தைக் கவிழ்த்தார்கள், மடியை உதறினார்கள். ஒருத்தி காறித் துப்பினாள். நான் எழ முடியாமல் அந்தக் குவியலுக்குள் கிடந்தேன். ஒரு காய்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்கள்.

அரை மணி கழித்து, வழியிலேயே விஷயம் கேள்விப்பட்டு மேனேஜர் வந்தார். குவியலைப் பார்த்தார், தொங்குகிற என் கையைப் பார்த்தார். "சபாஷ் மேடம்! பத்து ஆம்பளைங்க செய்யாத வேலை. ஒரு காய் போகல. உங்கள கன்ஃபர்ம் பண்ணச் சொல்லி இன்னைக்கே எழுதறேன்" என்றார். அந்தப் பொம்பளை மேல் போலீஸில் எழுதிக் கொடுங்கள் என்றும் சொன்னார். வேண்டாம் சார், வரப்பில் வழுக்கி விழுந்ததாகவே இருக்கட்டும் என்றேன். வேலை நிலைத்தது. கை அந்த வலி வலிக்கும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், ஆனாலும் சந்தோஷம்தான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போதுகூட, இனி அந்த வாசலுக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் கட்டைப் பார்த்தாள். அழவில்லை. கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா வந்துட்டாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப யாரு அடிச்சா?" என்றாள். சித்திதான் அவளைக் கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தாள். சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். வண்டி வழக்கத்தை எனக்கு விளக்கினது அவர்தான். அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆட்கள் அவரோடு ஷிப்டில் இருந்தார்கள். "டிராக்டரை நிறுத்தி வெச்சிருந்தா ஒண்ணும் நடந்திருக்காதேம்மா" என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஷேர் ஆட்டோ பிடித்து அவள் ஊருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வீட்டுக்கு வெளியே முருங்கை நிழலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கக் கன்னம் கறுத்து வீங்கியிருந்தது. காதில் பஞ்சு. உட்காரச் சொல்லவில்லை.

"தப்பு என் மேலதான்க்கா. உங்க ஊரு வழக்கம் எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரியலன்னா கேக்கறது. நாலு நாளா ஊர்க் கதையெல்லாம் பேசுன வாயிதான?"

"போலீஸுக்கு நான் எதுவும் சொல்லல."

"எத? நீ என்ன மிதிச்சதையா?"

கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை.

"ஒன்ன அடிச்சவன வுட்டுட்டு நீ பஸ் ஏறி வந்துட்ட. நல்லது, பொழச்ச. என்ன அடிச்சவ காட்ட வுட்டா எனக்கு எங்க வேல கீது? ஷெட்டுல காய் ஆயறதுக்கு ஆள் வேணும்னு சொல்லிகினு இருந்தியே. நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும்?"

ஏழு மணிக்கு என்று வாய்க்குள்ளேயே சொன்னேன். அவள் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் எனக்குப் புரிந்தது. பஞ்சு வைத்திருந்த பக்கம் நின்றுகொண்டிருந்தேன். சுற்றிப் போய்க் கேட்கிற காதுப் பக்கம் நின்று, ஏழு மணிக்கு வாங்கக்கா என்று இன்னொரு தடவை சொன்னேன்.