ஒப்பிக்க ஒன்றும் இல்லை

என் மகள் ஏழாம் வகுப்பு வரை படித்த பள்ளியில் தினமும் எதையாவது மனப்பாடம் செய்து வரச் சொல்வார்கள். சாயங்காலம் விளக்கு வைத்ததும் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்று ஒப்பிப்பாள். நான் படித்தது தமிழ் மீடியம். அந்த ஆங்கில வரிகளில் பாதிக்கு எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவேன். ஒரு வார்த்தையை விழுங்கினாலும் பிடித்துவிடுவேன். மறுபடி சொல்லச் சொன்னால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். எனக்கு அதுவும் பிடிக்கும்.

அவள் அப்பாவுக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அங்கே இன்ஜினியர்களின் பிள்ளைகள் சர்வதேசப் பாடத்திட்டத்தில் படிப்பதைக் கேட்டுக் கேட்டு, எட்டாம் வகுப்புக்கு இவளையும் அப்படி ஒரு பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே மனப்பாடம் கிடையாது. ரேங்க் கிடையாது. பாடமே ஒரு கேள்வியாக வரும். பிள்ளைகளே நாலு பேரை விசாரித்து, படித்து, பதில் தேட வேண்டும். நல்ல படிப்புதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. எனக்குத்தான் அதில் வேலை இல்லாமல் போய்விட்டது.

முதல் நாள் வழக்கம்போல முகம் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"இன்னாடி, இன்னிக்கு இன்னா ஒப்பிக்கப் போற?"

"ஒப்பிக்க ஒண்ணும் இல்லம்மா. நானே செஞ்சுக்குவேன்."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "மனப்பாடமே இல்லாத இஸ்கூலா? அப்ப சும்மா குந்திகினு வர்றதுக்கா வேன்ல போவுது?" என்றார். சிரித்துவைத்தேன். என் வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். மகள் கதவுக்கு அந்தப் பக்கம். நான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் மூன்று பேர் இருந்தும் தனியாகக் கிடப்பது எப்படியென்று அந்த வருஷம்தான் எனக்குத் தெரிந்தது.

வருஷக் கடைசியில் பள்ளிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே டீச்சர் குறை சொல்வதில்லை. பெற்றோரை எதிரில் உட்காரவைத்து, தான் செய்ததைப் பிள்ளையே விளக்க வேண்டுமாம். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன்.

மகள் ஒரு ஃபைலை என் கையில் கொடுத்தாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகளைப் பற்றியது. எங்கள் வாசலில் நிற்கிற அதே லாரிகள். டிரைவர்களை விசாரித்திருக்கிறாள், டீக்கடைக்காரரை விசாரித்திருக்கிறாள், பக்கத்து வீட்டு அக்காவைக்கூட விசாரித்திருக்கிறாள். நாள் முழுக்க வாசல் பக்கத்து ஜன்னலில் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிற என்னை ஒன்றும் கேட்கவில்லை. சுருக்கென்றது.

அவள் பேச ஆரம்பித்ததும் என் விரல் தானாக முதல் வரிக்குப் போய்விட்டது. அவள் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை.

"ரெண்டு வரி வுட்டுட்ட. முதல்லேர்ந்து சொல்லு" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அம்மா, இது மனப்பாடம் இல்ல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

டீச்சர் அருகில் வந்தார். "பரவால்லம்மா. நீங்க அவகிட்ட ஒரு கேள்வி கேக்கணும். எது வேணும்னாலும் கேக்கலாம்."

எது வேண்டுமானாலும் என்றதும் ஃபைலை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"சாயங்காலத்துல கொஞ்ச நேரம் என்கூட குந்தி, இன்னிக்கு இன்னா படிச்சன்னு சொல்லுவியா?"

மகள் டீச்சரைப் பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. "பாடத்தப் பத்திக் கேளும்மா, ப்ளீஸ்" என்றாள் மெதுவாக.

ஃபைலைப் புரட்டினேன். "லாரிங்க ஏன் அங்க அவ்ளோ நேரம் நிக்குது?" என்று கேட்டேன்.

அவள் முகம் தெளிந்தது. துறைமுக கேட், சோதனை, ஒற்றை வழி என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். கிரேன் ஓட்டுகிறவரின் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? தெரியாதவள் போலத் தலையாட்டினேன். முடித்ததும் இன்னொன்று கேட்டேன். அதற்கும் எனக்குப் பதில் தெரியும். அடுத்த குடும்பம் வந்து பக்கத்தில் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.