கிணற்றடியில் பத்து வரை எண்ணியவள்

அந்த வெள்ளிக்கிழமைக் காலை கிணற்றடியில் ஒன்பது பிள்ளைகளும் இருந்தார்கள். மேற்பார்வை அம்மா இருக்கவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கச் சந்திக் கடைக்குப் போயிருந்தார். நானும் இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் குளிக்கும் இடத்துக்கு நான் போகக்கூடாது. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் கதிரையில் இருந்தபடி காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

வவுனியா நகருக்கு வெளியே இருந்த அந்த இல்லத்துக்கு, வழக்கில் அகப்பட்ட பெண் பிள்ளைகளை நீதிமன்றம் அனுப்பும். அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவதும் என் வேலை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். அச்சில் வந்தது பொய்க்காது என்று நம்பினேன். பயிற்சியில் தந்த கைநூலில், கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்லியிருந்தது. ஒரு கிழமையாக, ஏழு நாளும், பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்கியிருந்தேன்.

ஒரே வாளி, ஒரே கயிறு. கடைசியாக அள்ளுபவளுக்குக் கலங்கல் தண்ணீர். தலை முழுகும் நாள் வேறு. சண்டை தொடங்கியது. திடீரென்று ஒரு குரல் எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. எனக்குப் புல்லரித்தது. ஒன்பது, பத்து. உடனே பளாரென்று ஓர் அடி. வாளி உருண்டது.

எண்ணியவள் நெளுக்குளத்துப் பிள்ளை, பதினைந்து வயது. தன்னைக் கள்ளி என்ற கடைக்காரரின் தராசை உடைத்த வழக்கில் வந்தவள். அடி வாங்கியவள் நாயாற்றுப் பிள்ளை, அவளைவிட ஒரு சாண் உயரம். விழுந்ததில் நாயாற்றுப் பிள்ளைக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது.

"பத்து எண்ணினனான்தானே சேர். பிறகு என்ன செய்யிறதெண்டு நீங்கள் சொல்லேல்லை," என்றாள் நெளுக்குளத்துக்காரி.

கைநூலிலும் அது இருக்கவில்லை.

இரண்டு கிழமையில் அவளுக்கு நீதிமன்றத் தவணை. இன்னொரு அடிதடி நடந்தால் மாமி வீட்டுக்கு விடாமல், தமிழ் பேச ஆளில்லாத தூரத்து இல்லத்துக்கு அனுப்புவேன் என்று நீதவான் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். இதை எழுதப்போகிறேனா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் என்னைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். நான் கதிரையோடு பின்னால் நகர்ந்தேன்.

அடுத்த நாள் நாயாற்றுப் பிள்ளையால் கயிறு இழுக்க முடியவில்லை. வேலிக்கு அப்பால் அவள் குரல் கேட்டது.

"என்ரை கை வீங்கினது உன்ரை வேலைதானே. வந்து ஊத்தடி."

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது.

"முதுகிலையும் ஊத்து. உங்கடை ஊரிலை ஆரும் குளிக்கிறேல்லையோ?"

"வாயை மூடு. இல்லாட்டி அதுக்குள்ளையும் ஊத்துவன்."

ஒன்பது பேரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் மற்றவர்களுக்கும் ஊற்றிவிட ஆள் வேண்டுமாம். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அதன்பிறகு ஒருத்தியும் தனக்கென்று அள்ளவில்லை. கடைசியாக யாரோடு வாய்ச்சண்டையில் கொழுவினாளோ அவளுக்குத்தான் ஊற்ற வேண்டும். நன்றாக முதுகு தேய்ப்பவளோடு வேண்டுமென்றே கொழுவப் பார்த்தவர்களும் உண்டு. அடி மட்டும் விழவில்லை.

அறிக்கையில் இரண்டையும் எழுதினேன்: பத்து எண்ணி அடித்ததையும், பதின்மூன்று காலை தண்ணீர் அள்ளி ஊற்றியதையும். நீதவான் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏன் பிள்ளை, நீர் அடிச்ச ஆளுக்கே அள்ளி ஊத்தினனீர்?"

"அவளுக்குக் கை ஏலாது ஐயா. அள்ளேக்கை என்ரை ரெண்டு கையும் கயித்திலை. அடிக்க மிச்சக் கை இல்லை."

பக்கத்தில் பதிவு எழுதிக்கொண்டிருந்த எழுதுவினைஞர் குனிந்து சிரித்தார். நீதவான் மாமி வீட்டுக்கு விடச் சொன்னார்; மாமி நீதிமன்ற வாசலிலேயே நின்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

இல்லத்துக்குத் திரும்பியபோது மேற்பார்வை அம்மா கோபமாக இருந்தார். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்ததில் வழக்கத்தைவிடப் பதினொரு சவர்க்காரக் கட்டி கூடக் கரைந்திருந்தது. மிச்ச எட்டுப் பிள்ளைகளும் அந்த மாதத்து ஐஸ்பழக் காசை விட்டுக்கொடுத்து அதை ஈடுகட்டினார்கள். கட்டி ஒன்று பதினெட்டு ரூபாய்ப்படி, நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.