எட்டுக் கோழிக்குக் காவல்

கிரில்லும் பார்பிக்யூவும் ஒன்றுதானே என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். பத்து வயதிலேயே அந்த வித்தியாசத்துக்குக் காவல் நின்றவள் நான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயில் ஹோட்டல் சமையல்காரராக இருந்தவர். வேலை போய் ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் விசாரிப்பதுபோலக் குத்திவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சாப்பாட்டுக் கடை போடுகிறேன் என்று மாமாவே கேட்டு வாங்கினார். நன்றாக வந்தால் நாலு பேர் விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள். சொதப்பினால் சபையில் தலைகாட்ட முடியாது. அதை அம்மா தினமும் ஜெபத்தில் சொன்னதால் எனக்கும் தெரியும்.

வெல்டிங் பட்டறையில் ஒரு பழைய டிரம்மை நெடுக்காக அறுத்து மூடி வைத்து வாங்கி வந்தார். "கிரில்லுன்னா தணலுக்கு நேர் மேல வச்சு, திருப்பித் திருப்பிச் சட்டுன்னு எடுக்குறது. பார்பிக்யூன்னா தணல் ஒரு ஓரம், கறி ஒரு ஓரம். மூடியைப் போட்டா புகையிலயே மெதுவா வேகும். நாலு மணி நேரம். நடுவுல தொறந்தா சூடு போயிரும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். கிரில்லை நான் வாயிலேயே வைக்க மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"அது வேகுறதுக்குள்ள உனக்குப் பேரன் பொறந்துருவான் மாப்ள" என்றார் அப்பா. மாமாவைக் கிண்டல் செய்வதில் வீட்டில் அவர்தான் முதல் ஆள்.

பண்டிகையன்று காலையில் சர்ச் வாசலில் எட்டு முழுக் கோழிகளை டிரம்முக்குள் வைத்து, கொய்யாக் கட்டையைத் தணலில் போட்டு மூடினார் மாமா. ஆராதனைக்கு வராமல் அடுப்படியில் நின்றால் ஊர் பேசும் என்று அம்மா அவரை உள்ளே இழுத்துப்போய்விட்டாள். மூடி என் பொறுப்பு.

வாசனை பிடித்து வந்தவர்களுக்குக் கணக்கில்லை. வேதபாட வாத்தியாரையே "தள்ளி நில்லுங்க சார்" என்றேன். பாதி ஆராதனையில் எழுந்து வண்டியில் எங்கோ போன அப்பா, துண்டு போட்டு மூடிய ஒயர்கூடையோடு வந்து நின்றார்.

"கொஞ்சம் தள்ளு. வெந்துருச்சான்னு ஒருக்கா பாத்துக்கிறேன்."

"மாமா சொல்லாம யாரும் தொறக்கக் கூடாதுப்பா."

"நான் உங்க அப்பன்டி."

"ஆரா இருந்தாலும்."

கூடையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது, ரெண்டு கோழியைக் கிளப்பிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்று. மூன்று முறை வந்தார். மூன்று முறையும் திருப்பி அனுப்பினேன்.

பாட்டெல்லாம் முடிந்து மாமா வந்து மூடியைத் தூக்கினார். தொட்டால் எலும்பிலிருந்து கறி கழன்று வந்தது. பாஸ்டர் இரண்டாவது தடவை தட்டை நீட்டினார். கிறிஸ்துமஸுக்கு வரணும் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் அங்கேயே சொல்லிவிட்டார்கள். "மூடியைக் காப்பாத்துனது இவதான்" என்று மாமா அத்தனை பேர் முன்னால் என் தோளைத் தட்டினார். அதற்கப்புறம் பள்ளியில் வாங்கிய எந்தப் பரிசும் எனக்கு அம்புட்டு சந்தோஷம் தரவில்லை.

சாயங்காலம் அம்மா அந்த ஒயர்கூடையைத் திறந்தாள். உள்ளே சில்வர் பேப்பரில் சுற்றிய கிரில் சிக்கன், எட்டு முழுக் கோழி. இம்புட்டும் எதுக்கு என்று கேட்டாள். "வித்தியாசம் பாக்கலாம்னுதான்" என்றார் அப்பா, ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

நான் விடவில்லை. ஒரு துண்டைப் பிய்த்துக் காட்டி, "பாருங்கப்பா, மேல கருகியிருக்கு, உள்ள வறண்டிருக்கு. இதான் கிரில்லு" என்று விளக்கினேன். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாமா பொட்டலங்களையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கண் கலங்க, எலும்பு வரைக்கும் விடாமல் சாப்பிட்டார்.

நான் அவ்வளவு எடுத்துச் சொல்லியும் ஆறிப்போன அந்தக் கிரில் அவருக்கு ஏன் அப்படிப் பிடித்துப்போனது என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.