அக்காவிடம் மட்டும் சொன்னது

செஞ்சியில் மாதம் ஒருமுறை ஆட்டிசம் பிள்ளைகளின் பெற்றோர் கூடுவோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கூட்டம்தான். உள்ளே வந்தால் தெரியும். பேசுகிற பிள்ளைகளின் அம்மாக்கள் ஃபேனுக்குக் கீழே, பேசாத பிள்ளைகளின் அம்மாக்கள் கதவோரம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மூன்று பேரும் வருவார்கள். அவர்களை எந்தப் பக்கத்திலும் யாரும் கூப்பிட்டு உட்கார வைத்ததில்லை. அவர்களில் ஒருவர் செல்போன் கடையில் வேலை செய்கிற தம்பி.

என் மகளுக்கு இருபது வயது. பேச மாட்டாள். அதனால் நான் கதவோரம். அவலூர்பேட்டை பஸ்ஸில் என்னோடு வருகிற அக்காவின் மகன் நன்றாகவே பேசுவான். ஆனாலும் அவள் எனக்காகக் கதவோரம் வந்து உட்காருவாள். எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவளிடம் மட்டும் சொன்னேன். மகளைப் பார்த்த டாக்டர் என் சின்ன வயதைப் பற்றியும் நிறையக் கேட்டார், கடைசியில் உங்களுக்கும் இது இருக்கிறது என்றார். மிக்சி சத்தத்துக்கு நான் வீட்டைவிட்டு ஓடுவது, புது ஆளிடம் வாய் திறக்காதது, எல்லாவற்றுக்கும் அன்றுதான் ஒரு பெயர் கிடைத்தது. என் வீட்டுக்காரரிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை.

"என்னோட இருக்கட்டும். யாருகிட்டயும் மூச்சு வுடமாட்டேன்" என்றாள் அக்கா.

பிறகு செஞ்சியில் இந்தப் பிள்ளைகளுக்குப் பகல்நேர மையம் வரப்போவதாகச் சொன்னார்கள். முதலில் பத்துப் பேருக்குத்தான் இடம். பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று சொல்கிற பிள்ளைகளை எடுத்துக்கொள்ளலாம் என்று ஃபேன் பக்கத்து அம்மாக்கள் முடிவு செய்தார்கள். என் மகள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஆனால் பெயர் காதில் விழுந்தால் எழுந்து போய்ச் செருப்பைப் போட்டுக்கொள்வாள். அதுதான் அவள் பதில். அது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

அடுத்த கூட்டத்தில், ஒன்பது இடம் நிரம்பியபிறகு என் மகள் பெயர் வந்தது. எழுந்தாள், செருப்பைத் தேடினாள்.

"பதில் வரல. அடுத்தது" என்றார் பெயர் எழுதுகிறவர். அடுத்தது அக்காவின் மகன்.

அந்தக் கூட்டத்தில் முதல்முறையாக எழுந்து நின்றேன். "அவ பதில் சொல்லிட்டா" என்றேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நீயாவது சொல்லேன் என்று அக்காவைப் பார்த்தேன்.

அக்கா சொன்னாள். "இவ பேச்ச இன்னாத்துக்குக் கேக்கறீங்க? இவளுக்கே அது இருக்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு."

யாரோ சிரித்தார்கள். "அதான் பொண்ணும் அப்படி" என்றது இன்னொரு குரல்.

செல்போன் கடைத் தம்பி மட்டும் எழுந்தார். "எனக்கும்தான் இருக்குது. அப்ப நான் பேசறது பேச்சு இல்லியா?"

"நீ உக்காருப்பா. உனக்கு இன்னா, சம்பாதிக்கிற" என்று அவரையும் அடக்கினார்கள். அக்காவின் மகன் "இருக்கேன்" என்று உரக்கச் சொன்னான். பத்து இடமும் முடிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா தன் மகனை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, தன் பக்கத்தில் பையைப் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தாள்.

"வந்து உக்காரு. கோவமா? நான் இன்னா இல்லாததையா சொன்னேன்?"

அவள் பையை எடுத்ததும் என் மகள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கியும் போனாள். எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்வரை நின்றே வந்தேன்.